செடி பட்டு உடம்பு அரிக்குதா? தடவுறதுக்கு முன்னாடி எடுக்கணும்

களை எடுக்கும்போதோ வேலி வெட்டும்போதோ ஏதோ ஒரு செடி உரசி கை காலெல்லாம் தடிச்சு எரிய ஆரம்பிச்சா, நம்ம ஊர்ல உடனே சுத்தி இருக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஒருத்தர் தேங்காய் எண்ணெய் தடவும்பார், ஒருத்தர் சாணிய பூசும்பார், இன்னொருத்தர் சுண்ணாம்ப கொண்டா எலுமிச்சம்பழத்த கொண்டாம்பார். எல்லாருமே நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா யாருமே கேக்காத ஒரு கேள்வி இருக்கு, எந்த செடி பட்டுது, அது உடம்புல எதை விட்டுட்டு போயிருக்குங்கிறது. சில செடி முள்ளு மாதிரி சுணைய குத்திட்டு போகும், சிலது பால், சிலது எண்ணெய், சிலது காத்துல பறக்கிற மகரந்தம், கிழங்கு வகையில கண்ணுக்கே தெரியாத ஊசி. இந்த அஞ்சுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எதுவா இருந்தாலும் முதல் வேலை அதை உடம்புல இருந்து எடுக்கிறதுதான், தடவுறது ரெண்டாவது வேலை. இந்த வரிசைய மாத்தி செஞ்சாதான் ரெண்டு நாள்ல போக வேண்டியது ரெண்டு வாரம் இழுக்கும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கண்ணுல பட்டுச்சுன்னா இந்த கட்டுரைய படிச்சிட்டு இருக்காதீங்க, ஓடுற தண்ணில 15, 20 நிமிஷம் கண்ண திறந்து வெச்சு கழுவிட்டு நேரா கண் ஆஸ்பத்திரிக்கு போங்க. மூச்சு வாங்குது, உதடு நாக்கு வீங்குதுன்னா 108க்கு போன் பண்ணுங்க.

சுணை குத்துற செடிகள்

கிராமத்துல வளந்த எல்லாருக்கும் செந்தட்டி தெரியும், காஞ்சொறின்னும் சொல்லுவாங்க. வேலியோரம் மத்த செடி மேல கொடியா சுத்திக்கிட்டு கெடக்கும், பாக்க ஒண்ணும் தெரியாது, கால்ல உரசினதும் சுரீர்னு பிடிக்கும். அதோட இலையிலயும் தண்டுலயும் இருக்கிற மயிர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சின்ன கால்சியம் ஆக்சலேட் ஊசி இருக்கு, அது தோல்ல குத்தி உள்ள இருக்கிற சாறையும் சேத்து இறக்கிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டு ஓரமா நடக்கிறவங்களுக்கு இதே வேலைய இன்னும் பலமா பண்ற ஒரு பெரிய சுணைச்செடி இருக்கு, ஆள் உயரத்துக்கு வளரும், இலை அகலமா ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கும், தண்டு முழுக்க வெள்ளையா நீளமான முள்மயிர் நிக்கும். அதை சும்மா தொட்டு பாக்கணும்னு கூட நினைக்காதீங்க.

அடுத்தது பூனைக்காலி. இதுல இலை பிரச்சனை இல்ல, காய்தான் பிரச்சனை. அவரைக்காய் மாதிரி வளைஞ்ச காய் மேல வெல்வெட் மாதிரி பழுப்பு நிற மயிர் இருக்கும், காய் முத்தி காய்ஞ்ச சமயத்துல லேசா காத்தடிச்சாலே அந்த மயிர் பறந்து வந்து கழுத்துல சட்டைக்குள்ள எல்லாம் ஒட்டிக்கும், அந்த அரிப்பு மனுஷன பைத்தியமாக்கிடும். அதுல மியூகுனைன்னு ஒரு என்சைம் இருக்கு, வழக்கமான அலர்ஜி அரிப்பு வர்ற வழி ஹிஸ்டமின், இது அந்த வழில வேலை செய்யறதில்ல, நரம்பை நேராவே தூண்டி விட்டுடும், அதனாலதான் மெடிக்கல்ல செட்ரிசின் வாங்கி போட்டும் அரிப்பு நிக்கலன்னு சொல்றாங்க. மாத்திரை மேல தப்பில்ல, அது அடைக்கிறது ஹிஸ்டமின் வழியத்தான், மயிரும் இன்னும் தோல்ல இருக்கு, அவ்வளவுதான்.

இந்த ரெண்டு வகைக்கும் செய்ய வேண்டியது இதுதான். சொறியவே கூடாது, தேய்க்கவும் கூடாது, துண்டால துடைக்கவும் கூடாது, தேச்சா மேல நிக்கிற மயிர் உள்ள போய் உடைஞ்சுக்கும், கை பட்ட மத்த இடத்துக்கும் பரவும். பட்ட இடத்துல செலோடேப்பை லேசா ஒட்டி சட்டுனு பிச்சு எடுங்க, புது டேப் எடுத்து திரும்ப ஒட்டுங்க, இப்படி நாலஞ்சு தடவை பண்ணா பாதி அரிப்பு அங்கயே போயிடும். வயல்ல டேப்புக்கு எங்க போறதுன்னா சோத்த நல்லா மசிச்சு பசை மாதிரி உருட்டி, இல்ல கோதுமை மாவு பிசைஞ்சு அந்த உருண்டைய ஒத்தி ஒத்தி எடுங்க. அந்த காலத்துல சாம்பலையும் சாணியையும் பூசி காஞ்சதும் உதிர்த்து எடுத்தாங்களே அதுக்கு பின்னாடி இருக்கிற யோசனையும் இதேதான், மயிர அதுல ஒட்ட வெச்சு எடுக்கிறது. ஆனா சொறிஞ்சு ரத்தம் கசிஞ்ச தோல்ல சாணி பட்டா டெட்டனஸ் வர வாய்ப்பு இருக்கு, அதனால யோசனைய எடுத்துக்குவோம், சாணி வேண்டாம்.

மயிர எடுத்த அப்புறம்தான் பச்சைத்தண்ணி ஊத்தி சோப்பு போட்டு கழுவணும், அப்புறம் குளிர்ந்த துணி ஒத்தடம். செந்தட்டி எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்துல தானா அடங்கிடும், மலைல இருக்கிற பெரிய செடி ஒரு நாள் வரைக்கும் கூட இழுக்கும். போட்டிருந்த துணிய தனியா ஊற வெச்சு துவைங்க, வீட்ல மத்தவங்க துணியோட மெஷின்ல போட்டா குழந்தைங்க சட்டைக்கு போய் ஒட்டிக்கும்.

பால் வடியிற செடிகள்

திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, எருக்கு, கடலோரமா போனா தில்லை மரம். கள்ளிப்பால் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்ற விஷயம் இல்ல, யார் தோல்ல பட்டாலும் வேகும். பட்ட உடனே ஒண்ணும் தெரியாது, அதுதான் ஏமாத்துது, சில மணி நேரம் கழிச்சுதான் செவந்து எரிஞ்சு கொப்புளம் கிளம்பும். பால் கையில பிசுபிசுன்னு ஒட்டிக்கும், வெறும் தண்ணில போகாது. முதல்ல பழைய துணியாலயோ டிஷ்யூவாலயோ ஒத்தி எடுத்து தூக்கி போட்டுட்டு, சோப்பு போட்டு ஓடுற தண்ணில திரும்ப திரும்ப கழுவுங்க. காய்ஞ்சு ஒட்டிப்போச்சுன்னா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கி துணியால வழிச்சிட்டு அதுக்கு மேல சோப்பு போடணும், எண்ணெயோட அப்படியே விட்டுடக்கூடாது, அது பால இன்னும் பெரிய இடத்துக்கு பரப்பிடும்.

எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து கை. வேலி வெட்டிட்டு வியர்வை வழியுதுன்னு அதே கையால நெத்தியும் கண்ணும் துடைப்போம். கள்ளிப்பால் கண்ணுல பட்டா முதல்ல எரிச்சல், அப்புறம் நேரம் ஆக ஆக வலி கூடும், கருவிழி மேல புண்ணாகும், பார்வை மங்கும். எருக்கம்பால் இன்னும் மோசம், சில பேருக்கு பெருசா வலியே இல்லாம பார்வை மட்டும் பனி மூடின மாதிரி ஆயிடும், வலிக்கலையேன்னு ராத்திரி படுத்துடுவாங்க. பிள்ளையார் சதுர்த்தி சமயத்துல எருக்கம்பூ மாலை கட்ட பூ பறிக்கிற குழந்தைங்களுக்கு இதை கண்டிப்பா சொல்லி வைங்க, பறிச்சதும் கை கழுவாம கண்ண தொடக்கூடாதுன்னு. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வர காரணமான அந்த தில்லை மரம் பிச்சாவரம் அலையாத்தி காட்டுல இன்னிக்கும் நிறைய இருக்கு, அதோட பாலும் கண்ணுக்கு கெடுதல், இங்கிலீஷ்ல அந்த மரத்துக்கு கண்ண குருடாக்குற மரம்ங்கிற அர்த்தத்துலயே ஒரு பேர் இருக்கு. படகுல போறப்போ கிளைய ஒடிச்சு விளையாட வேண்டாம்.

கண்ணுல பால் பட்டா தாய்ப்பால் விடுறது, விளக்கெண்ணெய் விடுறது, பன்னீர் விடுறது எல்லாம் நம்ம பக்கம் இன்னும் நடக்குது, தயவு செஞ்சு எதையும் விடாதீங்க. சுத்தமான தண்ணி மட்டும்தான். கான்டாக்ட் லென்ஸ் இருந்தா கழட்டிடுங்க. அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடுற விஷயம் இல்ல இது.

எண்ணெய் வகை: முந்திரி, சேராங்கொட்டை, மாங்காய்

இந்த மூணும் ஒரே குடும்பம். அமெரிக்கால இருக்கிற நம்ம ஆளுங்க பயப்படுற பாய்சன் ஐவிங்கிற செடியும் இதே குடும்பம்தான், அதனால அங்க ஒரு தடவை பாய்சன் ஐவி பட்டு அலர்ஜி ஆனவங்களுக்கு இங்க வந்து மாம்பழத்த தோலோட கடிச்சா உதட்டை சுத்தி கொப்புளம் வர்றது உண்டு. இதுங்கள்ல இருக்கிற எண்ணெய் தோல்ல பட்டு சில நிமிஷத்துலயே உள்ள இறங்கி ஒட்டிக்க ஆரம்பிச்சிடும், 10 நிமிஷத்துக்குள்ள கழுவுனா பெரும்பகுதி தப்பிக்கலாம், அரை மணி நேரம் தாண்டிட்டா கழுவுறது வந்ததை தடுக்காது, பரவறதை மட்டும்தான் தடுக்கும். பாய்சன் ஐவி மாதிரியான அலர்ஜி வகைன்னா தடிப்பு வர 12 மணி நேரத்துல இருந்து ரெண்டு நாள் வரைக்கும் ஆகலாம், அதனால என்னிக்கு எது பட்டதுன்னே நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது.

பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வீடுகள்ல போய் பாத்தா அந்த அம்மாக்கள் கையோட நிறமே வேற மாதிரி இருக்கும், விரல் நுனி கருத்து தோல் உரிஞ்சு கெடக்கும். முந்திரி ஓட்டுக்குள்ள இருக்கிற எண்ணெயில கார்டால், அனகார்டிக் அமிலம்னு தோலை வேக வைக்கிற சரக்கு இருக்கு, பச்சையா உடைச்சா ரொம்ப மோசம், வறுத்தோ ஆவில வேக வெச்சோ உடைச்சா கொஞ்சம் குறையும், ஆனா இல்லாம போகாது. வேலை ஆரம்பிக்கும்போதே கையில விளக்கெண்ணெய் தடவி சாம்பல்ல தோய்ச்சுக்கிறது பழைய வழக்கம், ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல், நடுநடுவுல திரும்ப பூசிக்கணும். என்னை கேட்டா கிளவுஸ் போடுங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா கிளவுஸ் போட்டா விரல் வேகம் கொறையுது, கிலோ கணக்குல கூலி வாங்குறவங்களுக்கு அது வயித்துல அடிக்கிறது, அதையும் புரிஞ்சுக்கணும். கொட்டை உடைக்க கொடுக்கிற முதலாளிங்கதான் விரலுக்கு சரியா பொருந்துற கிளவுஸும் கை கழுவ சோப்பு தண்ணியும் வைக்கணும், அது தர்மம் இல்ல, கடமை.

கோடை லீவுல பசங்க முந்திரிக்கொட்டைய நெருப்புல சுட்டு திம்பாங்க, அப்போ ஓட்டு எண்ணெய் பட் பட்னு தெறிக்கும், புகையும் ஆகாது. பெரியவங்க கூட இருந்து, முகத்தை தள்ளி வெச்சு, புகை போற பக்கம் நிக்காம பாத்துக்கோங்க.

சேராங்கொட்டை, சேங்கொட்டைன்னும் சொல்லுவாங்க, நாட்டு மருந்துக் கடைல கெடைக்கும். முன்னெல்லாம் சலவைக்கு போடுற துணில அழியாத குறி போட இதோட சாறதான் பயன்படுத்தினாங்க, துணில போட்ட குறி கழுத்துல பட்டு அங்க மட்டும் கருத்து புண்ணானவங்க உண்டு. சித்த மருத்துவத்துல இதுக்கு பெரிய இடம் இருக்கு, ஆனா முறையா சுத்தி பண்ணின, அதாவது நச்ச எடுத்த அப்புறம்தான். வீடியோ பாத்துட்டு மூட்டு வலிக்கு, பாத வெடிப்புக்குன்னு கொட்டைய சுட்டு நேரா தோல்ல வெக்கிறாங்க, வெச்ச இடம் தார் ஊத்தின மாதிரி கருத்து சுத்தி கொப்புளமா கிளம்பிடும், வடு போக மாசக்கணக்கா ஆகும். வேணும்னா நம்ம கவர்மென்ட் ஆஸ்பத்திரி பலதுல சித்தா பிரிவு இருக்கு, அங்க பதிவு பெற்ற டாக்டர் இருக்காங்க, அவங்ககிட்ட போங்க.

மாங்காய்ல காம்பை கிள்ளினதும் பீச்சி அடிக்குமே அந்த பால்தான் வில்லன். பறிச்ச காயை காம்பு கீழ இருக்கிற மாதிரி கவுத்து வெச்சு பால் வடிய விட்டு, தண்ணில நல்லா கழுவிட்டு, அப்புறம் வெட்டுங்க. உதட்டோரம் பட்டுடுச்சுன்னா உடனே சோப்பு போட்டு கழுவி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வெச்சுக்கோங்க, அவ்வளவே போதும்.

இந்த எண்ணெய் வகைக்கு வெறும் தண்ணி பிரயோஜனம் இல்ல, பாத்திரம் கழுவுற லிக்விட் இருந்தா அதுவே நல்லது, எண்ணெய் பிசுக்க அறுக்கும். வெந்நீர் வேண்டாம். நகத்துக்கு அடியில தனியா தேயுங்க, அங்க தங்கினது அப்புறம் தொடுற இடத்துக்கெல்லாம் போகும். அரிவாள் பிடி, செருப்பு வார், போன் கவர் எல்லாத்தையும் சோப்பு போட்டு துடைச்சிடுங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போட்டு துடைக்கிறது ரொம்ப தப்பு, தோல் மேல இருக்கிற இயற்கையான எண்ணெயையும் சேத்து எடுத்துட்டு புண்ண பெருசாக்கும்.

சமையல்கட்டுல வர்ற அரிப்பு

சேப்பங்கிழங்கு, சேனை, கருணைக்கிழங்கு நறுக்கும்போது வர்ற நமைச்சல் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால. ஈரக்கையோட நறுக்காம கையை நல்லா துடைச்சிட்டு நல்லெண்ணெய் தடவிட்டு நறுக்குங்க. நமைச்சல் வந்துட்டா புளிக்கரைசல்ல கையை கொஞ்ச நேரம் வெச்சு கழுவுங்க, பாட்டி காலத்து வைத்தியம்தான், நல்லாவே கேக்கும். நாக்கு நமைச்சா மோர் குடிங்க. ஃபிளாட்ல அழகுக்கு வெக்கிற டிஃபன்பேக்கியா இலையிலயும் இதே ஊசிதான், தவழ்ற குழந்தை கடிச்சிட்டா வாய் வீங்கி எச்சில் வடியும், வாந்தி எடுக்க வைக்காம வாயை துடைச்சு கொப்பளிக்க வெச்சு கொஞ்சம் சில்லுனு பால் கொடுத்துட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க. வீட்ல சின்ன குழந்தை இருக்கிற வரைக்கும் அந்த தொட்டிய யாருக்காவது கொடுத்துடறதே நல்லது.

எடுத்தாச்சு, இப்போ என்ன தடவலாம்

முதல் வைத்தியம் குளிர்ச்சி. பழைய காட்டன் வேட்டிய கிழிச்சு, கொதிக்க வெச்சு ஆறின தண்ணில நனைச்சு பிழிஞ்சு 15, 20 நிமிஷம் போட்டு வைங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. இது காசு செலவில்லாத வைத்தியம்னு மட்டமா நினைக்காதீங்க, நீர் கோத்து வடியிற தோலுக்கு தோல் டாக்டர்களும் முதல்ல சொல்றது இதைத்தான். ஐஸ் கட்டிய நேரா வெக்காதீங்க, துணில சுத்தி வைங்க.

அடுத்தது வடிகஞ்சி. சாதம் வடிச்ச கஞ்சிய உப்பு போடாம நல்லா ஆற வெச்சு, தண்ணி கலந்து தடிச்ச இடத்துல ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு பச்சைத்தண்ணில அலசுங்க. மாவுச்சத்து தோல் மேல மெல்லிசா படிஞ்சு அரிப்ப தணிக்கும். உடம்பு முழுக்க இருந்தா குளிக்கிற பக்கெட்ல ஒரு செம்பு கலந்துக்கலாம். ஓட்ஸ மிக்ஸில நைஸா பொடிச்சு தண்ணில கலந்து ஊத்துறதும் இதே வேலைதான், எது வீட்ல இருக்கோ அது. அன்னன்னிக்கு வடிச்ச கஞ்சியா இருக்கணும், புளிச்சது வேண்டாம்.

சோத்துக்கத்தாழை நல்லதுதான், ஆனா மடல வெட்டினதும் மஞ்சளா ஒரு பால் வடியும் பாருங்க, அது தோலுக்கு அரிக்கும், அதனால மடல நிமித்தி வெச்சு அது முழுக்க வடிஞ்ச அப்புறம் சோத்த மட்டும் எடுத்து ஏழெட்டு தடவை தண்ணில அலசிட்டு தடவுங்க. முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சமா தடவி பாத்துட்டு அப்புறம் மத்த இடத்துக்கு போங்க. கடைல வாங்குறதுன்னா காலமைன் லோஷன் போதும், குலுக்கிட்டு பஞ்சால ஒத்தி விடுங்க, காஞ்சதும் அரிப்பு மட்டுப்படும். சமையல் சோடாவ கொஞ்சம் தண்ணி விட்டு குழைச்சு சின்ன இடத்துக்கு பத்து நிமிஷம் போட்டு கழுவலாம், பெரிய இடத்துக்கு வேண்டாம்.

வேப்பிலை கொதிக்க வெச்சு ஆறின தண்ணில கழுவலாம், தப்பில்ல. மஞ்சள பத்தி எனக்கு கொஞ்சம் தயக்கம் உண்டு, சில பேருக்கு மஞ்சளே அலர்ஜி, அதோட மஞ்சள் பூசின தோல்ல சிவப்பு எவ்வளவு இருக்குன்னு டாக்டரால பாக்கவே முடியாது. குப்பைமேனியும் உப்பும் அரைச்சு பூசுறது சொறி சிரங்குக்கு சொல்ற வைத்தியம், கொப்புளம் உடைஞ்ச தோல்ல உப்பு பட்டா எரிச்சல்ல துடிச்சிடுவாங்க, இதுக்கு அது வேண்டாம்.

எண்ணெய் எப்போன்னு ஒரு கணக்கு இருக்கு. நீர் வடியிற வரைக்கும் ஈரத்துணி ஒத்தடம் மட்டும், எண்ணெய் கிடையாது. வடியிறது நின்னு காஞ்சு பொருக்கு கட்டி தோல் இழுக்க ஆரம்பிச்சப்புறம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தாராளமா தடவுங்க. இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டாலே பாதி பேருக்கு புண்ணு சீக்கிரம் ஆறிடும்.

கொப்புளத்த உடைக்காதீங்க. உடைஞ்சு அந்த தண்ணி பட்டா பரவும்னு பயப்படுறாங்க, அதுவும் இல்ல, கொப்புள நீர்ல விஷம் கிடையாது, அடுத்தவங்களுக்கும் ஒட்டாது. புதுசு புதுசா கிளம்புதேன்னா எண்ணெய் குறைவா பட்ட இடம் தாமதமா கிளம்புது, இல்ல துணிலயோ கருவிலயோ இன்னும் மிச்சம் இருக்கு. அலர்ஜி வகை முழுசா ஆற ரெண்டு மூணு வாரம் எடுக்கும், நாலாவது நாள்ல மருந்து வேலை செய்யலன்னு மாத்தி மாத்தி போடாதீங்க.

போடவே கூடாதது

எலுமிச்சை. பலரும் இதைத்தான் முதல்ல தேய்க்கிறாங்க. எலுமிச்சை தோல்லயும் சாறுலயும் இருக்கிற ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலை சுட்டுடும், தேய்ச்சிட்டு வயலுக்கு போனா அடுத்த நாள் அந்த இடத்துல மட்டும் புதுசா கொப்புளம் வந்து அப்புறம் மாசக்கணக்கா கருப்பா நிக்கும், ஏற்கனவே இருந்த பிரச்சனை ரெண்டாயிடும். சுண்ணாம்பு தோலை அரிக்கும். டூத்பேஸ்ட் வேண்டாம். வெந்நீர் ஊத்துறப்போ சுகமா இருக்கும், பத்து நிமிஷத்துல அரிப்பு முன்ன விட கூடும்.

மெடிக்கல் ஷாப்ல அரிப்புன்னு கேட்டா ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த ஒரு டியூப் எடுத்து கொடுப்பாங்க. முதல் நாள் மந்திரம் போட்ட மாதிரி கேக்கும். டாக்டர் எழுதி கொடுக்காம அதை முகத்துலயோ தொடை இடுக்குலயோ வாரக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு, முகம் செவந்து, மருந்த நிறுத்தவும் முடியாம ஒரு புது வியாதி ஆரம்பிக்கும். தூக்கம் வராத அளவு அரிப்புன்னா மாத்திரைக்கும் டாக்டர கேளுங்க, தூக்கம் வர்ற மாத்திரை போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க, குழந்தைக்கு பெரியவங்க மாத்திரைய உடைச்சு கொடுக்காதீங்க.

பார்த்தீனியம் தனி கதை

இதை கடைசில வெச்சதுக்கு காரணம், வீட்டு வைத்தியத்துக்கு அடங்காதது இதுதான். 1955 வாக்குல புனே பக்கம் கண்ணுல பட்ட இந்த அமெரிக்க களை, இறக்குமதி கோதுமையோட வந்துச்சுன்னு சொல்றாங்க, இன்னிக்கு ரயில்வே லைன், காலி மனை, ரோட்டோரம்னு இல்லாத இடமே இல்ல. கேரட் இலை மாதிரி இலை, குட்டி குட்டியா வெள்ளை பூ. இதுல இருக்கிற பார்த்தெனின்ங்கிற பொருள் மகரந்தத்துலயும், காய்ஞ்ச செடி தூள்லயும் கலந்து காத்துல வரும், செடிய தொடவே வேண்டாம். வருஷக்கணக்கா அதுக்கு நடுவுலயே வேலை செஞ்சவங்களுக்கு திடீர்னு ஒரு நாள் ஆரம்பிக்கும், இத்தனை நாள் இல்லையே இதுவா இருக்காதுன்னு நினைச்சுக்குவாங்க.

கண்ணிமை, கழுத்து, காதுக்கு பின்னாடி, முழங்கை மடிப்பு, இங்கெல்லாம் தோல் தடிச்சு கருத்து அரிச்சா சந்தேகப்படுங்க. வெயில் அலர்ஜின்னு பலரும் தப்பா எடுத்துக்கிறாங்க, ஆனா வெயில் அலர்ஜி நிழல் விழுற இடத்த விட்டுடும், தாடைக்கு கீழ, காதுக்கு பின்னாடி, மேல் இமை எல்லாம் தப்பிச்சிடும். காத்துல வர்றதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மடிப்புலதான் நல்லா தங்கும். சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பம், அதனால பார்த்தீனியம் அலர்ஜி இருக்கிற சில பேருக்கு சாமந்திப்பூ கட்டினாலும் கை வெடிக்கும். பூக்கட்டுற அக்காக்களுக்கு கை ஆறவே மாட்டேங்குதுன்னா இதை ஒரு தடவை டாக்டர்கிட்ட கேக்க சொல்லுங்க, பேட்ச் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணி எதுன்னு கண்டுபிடிச்சிடலாம்.

வீட்ல செய்யக்கூடியது, வெளிய போயிட்டு வந்ததும் தலையோட குளிக்கிறது, போட்டிருந்த துணிய உடனே மாத்துறது, தலையணை உறைய அடிக்கடி துவைக்கிறது, செடி பூத்திருக்கிற பக்கமா கொடில துணி காய வெக்காம இருக்கிறது. புடுங்குறதுன்னா பூக்கிறதுக்கு முன்னாடி, மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருக்கும்போது, முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க் போட்டு வேரோட புடுங்கணும், ஏற்கனவே அலர்ஜி இருக்கிறவங்க அந்த வேலைக்கே போகக்கூடாது. பயிர் வெக்காத காலி மனைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 200 கிராம் கல்லுப்பு கரைச்சு கொஞ்சம் சோப்பு கலந்து நல்ல வெயில் நேரத்துல அடிக்கலாம், விவசாய நிலத்துல அடிச்சா மண்ணு கெட்டுடும். மெக்சிகோல இருந்து கொண்டு வந்த ஒரு வண்ட 1984ல பெங்களூர் பக்கம் விட்டாங்க, அது இந்த இலையத்தான் திங்கும், மழைக்காலத்துல செடி மேல வெளிர் நிற உடம்புல கருப்பு கோடு போட்ட சின்ன வண்டு இருந்தா அதை கொல்லாம விடுங்க. எந்த விஷச்செடியா இருந்தாலும் குவிச்சு கொளுத்தாதீங்க, புகை நெஞ்சுக்குள்ள போனா தோல்ல வர்ற அதே புண்ணு உள்ள வர்ற மாதிரிதான்.

டாக்டர்கிட்ட எப்போ

முகம், கண்ணிமை, பிறப்புறுப்பு பக்கம் வீங்கினா, உடம்புல கால்வாசிக்கு மேல பரவினா, சீழ் வெச்சு காய்ச்சல் வந்தா, புகைய சுவாசிச்சு இருமல் நிக்கலன்னா, கைக்குழந்தைக்கோ கர்ப்பமா இருக்கிறவங்களுக்கோ வந்தா, பத்து நாள் ஆகியும் குறையற மாதிரியே தெரியலன்னா வீட்டு வைத்தியத்த நிறுத்திட்டு போயிடுங்க. போகும்போது அந்த செடிய போன்ல இலை, பூ, காய் தெரியிற மாதிரி போட்டோ எடுத்துக்கோங்க, இல்ல பிளாஸ்டிக் கவர கைக்கு உறை மாதிரி மாட்டி ஒரு கிளைய புடிச்சு அப்படியே கவர திருப்பி முடிச்சு போட்டு எடுத்துட்டு போங்க. எப்போ பட்டது, எத்தனை மணி நேரம் கழிச்சு கிளம்புச்சு, இதுவரைக்கும் என்னென்ன தடவுனீங்கங்கிறத ஒண்ணு விடாம சொல்லுங்க, சாணி, சுண்ணாம்பு, சேராங்கொட்டைன்னு எதுவா இருந்தாலும் திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, மருந்து எழுதுறதுக்கு அவங்களுக்கு அது தெரிஞ்சாகணும்.